கழுத்துவலியோடு மேசை வேலை: புதிதாக மாட்டிக்கொண்டவர்களுக்கு

தோள்பட்டை எலும்பின் உள்பக்க மேல்முனையில் ஒரு புள்ளி இருக்கிறது. இடது கையை வலது தோளுக்கு மேலாகப் பின்னால் கொண்டுபோய் நடுவிரலால் அழுத்தினால் "ஆ, இங்கேதான்!" என்று வாய்விட்டுச் சொல்ல வைக்கும் இடம். நாள் முழுக்கக் கணினி முன்னால் இருப்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே கை தானாக அங்கே போய் அமுக்கிக்கொண்டிருக்கும். எனக்கும் அங்கேதான் ஆரம்பித்தது. முதலில் மாலையில் மட்டும் ஒரு கனம். அப்புறம் மதியமே வந்தது. ஒரு கட்டத்தில் காலையில் கண் விழிக்கும்போதே கழுத்து பலகை மாதிரி இருந்தது.

இரண்டு மூன்று நாளில் விட்டுவிடும் சுளுக்கைப் பற்றி இங்கே எழுதவில்லை. மூன்று மாதம் தாண்டியும் விடாத வலியை நாள்பட்ட வலி என்பார்கள். அந்தக் கணக்கில் இப்போதுதான் வந்து சேர்ந்தவர்களுக்காக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. இதே வலியோடு பல வருடமாக மேசையில் குப்பை கொட்டும் ஆள். வலி முழுசாகப் போய்விட்டதா என்றால், இல்லை. ஆனால் இன்றைக்கு நான் என்ன செய்யலாம், செய்யக்கூடாது என்பதை இப்போது அது தீர்மானிப்பதில்லை.

முதலில்: இது மேசை வலிதானா?

மேசை வேலையால் வரும் கழுத்துவலி பெரும்பாலும் தசையும் மூட்டும் சம்பந்தப்பட்டது. தொல்லை உண்டு, ஆபத்து கிடையாது. ஆனால் எல்லாக் கழுத்துவலிக்கும் மேசையே காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. கீழே சொல்வதில் எது இருந்தாலும் நாற்காலியைத் திருகிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கை அல்லது விரல்கள் மரத்துப்போவது, பிடி தளர்ந்து சாமான் நழுவுவது. சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை மீறுவது. இந்தக் கடைசி மூன்றும் தண்டுவடம் நசுங்குவதைக் காட்டலாம்; நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சலும் கடும் தலைவலியும் சேர்ந்து கழுத்து விறைத்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கண் கூசினால் அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். கழுத்து, தாடை, கை என்று வலி பரவி நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் மூச்சுத்திணறலும் இருந்தால் இதயத்தைச் சந்தேகிக்க வேண்டும். இதுவரை அனுபவித்தே இராத மாதிரி திடீரென்று ஒரு கழுத்துவலி, கூடவே பேச்சு குழறல், முகம் ஒரு பக்கம் இழுத்தல் என்றால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. விழுந்து அடிபட்ட பின் வந்த வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வந்த வலி, காரணமில்லாமல் எடை குறைவதோடு வரும் வலி, எப்படிப் படுத்தாலும் இரவில் குறையாத வலி ஆகியவற்றையும் காட்டிவிட வேண்டும்.

இதில் எதுவும் இல்லையா? சரி, மேலே போகலாம்.

உள்ளே என்ன நடக்கிறது

ஒரு பெரியவரின் தலை 4.5 முதல் 5 கிலோ வரை இருக்கும். அதைத் தாங்குவது ஏழு கழுத்தெலும்புகளும் அவற்றைச் சுற்றிய தசைகளும். தலை தோளுக்கு நேர் மேலே இருக்கும்வரை எலும்பே பெரும்பாலான எடையை வாங்கிக்கொள்ளும். முன்னால் நீட்டினால் பின்கழுத்துத் தசைகள் இழுத்துப் பிடிக்க வேண்டும். தண்ணீர் நிறைந்த வாளியை இடுப்போடு ஒட்டிப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். தலையை 60 டிகிரி குனிந்தால் கழுத்தின்மேல் 27 கிலோ அளவுக்குச் சுமை விழுகிறது என்று 2014இல் வெளியான ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றியது. அது கணினியில் போட்டுப் பார்த்த கணக்கு. மனிதர்களின் கழுத்தில் அளந்தது இல்லை. அதைப் பார்த்துப் பயந்து குனிவதையே விட்டுவிட வேண்டாம். கழுத்து இருப்பதே குனிய, நிமிர, திரும்பத்தான்.

சுமையின் அளவு எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. இடைவெளியே இல்லாமல் சுமப்பதுதான் பெரிய சங்கதி. மௌஸைப் பிடித்திருக்கும்போது தோள் தசையில் ஒரு சிறு பகுதிதான் வேலை செய்கிறது. ஆனால் அந்தச் சில இழைகளே மணிக்கணக்கில் மாற்று ஆள் இல்லாமல் வேலை செய்கின்றன. 1991இல் சுவீடன் ஆய்வாளர் ஒருவர் முன்வைத்த இந்தக் கருத்துக்குச் சின்ட்ரெல்லா கருதுகோள் என்று பெயர். வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து எல்லோருக்கும் கடைசியில் படுக்கப் போகிறவளின் கதை. மூட்டை எதுவும் தூக்காமல் விசைப்பலகை மட்டும் தட்டுபவருக்கும் தோள்வலி ஏன் வருகிறது என்று யோசித்திருந்தால் ஒரு பதில் இதுதான்.

நான் சொன்ன அந்தப் புள்ளிக்கும் விளக்கம் உண்டு. கழுத்தின் மேல் நான்கு எலும்புகளிலிருந்து இறங்கும் லெவேட்டர் ஸ்கேபுலே என்ற தசை தோள்பட்டை எலும்பில் வந்து ஒட்டும் இடம் அது. தோளைத் தூக்கி வைத்துக்கொண்டே வேலை செய்தால் அது சுருங்கியபடியே இருக்கும். அங்கே அமுக்கினால் சுகமாக இருக்கும், ஆனால் காரணம் மேலே கழுத்திலும் முன்னால் மேசையிலும் கிடக்கும்.

நாள்பட்ட வலியில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. திருடன் ஒருமுறை வந்துபோன வீட்டில் இலை அசைந்தாலும் நாய் குரைக்கும், இல்லையா? நரம்பு மண்டலமும் அப்படித்தான் பழகிவிடுகிறது. காயம் என்று ஒன்றும் இல்லாதபோதும் சின்ன அசைவுக்குப் பெரிய வலியாகக் குரைக்கும். தூக்கம் கெட்ட இரவுக்கு மறுநாள், வேலை நெருக்கும் வாரம், வீட்டில் சண்டை போட்ட நாள் எல்லாம் வலி கூடுவது கற்பனை கிடையாது; வலி மனதில் இருக்கிறது என்றும் அதற்கு அர்த்தம் கிடையாது.

ஸ்கேன் காகிதத்தைப் பார்த்துக் கலங்காமல் இருப்பது

நானே கேட்டு வாங்கி எடுத்த எம்ஆர்ஐ அறிக்கையில் "சி5–சி6 டிஸ்க் பிதுக்கம், தேய்மானம்" என்று இருந்தது. ஐந்தாவது, ஆறாவது கழுத்தெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் வட்டு வெளியே பிதுங்கியிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. என் கழுத்து நூலில் தொங்குகிறது என்று நினைத்துக்கொண்டு, ஒரு மாதம் தலையைத் திருப்பாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பினேன். வலி இரட்டிப்பானதுதான் மிச்சம்.

பிற்பாடு தெரிந்தது: ஜப்பானில் கழுத்துவலி எதுவும் இல்லாத 1,211 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. இருபதுகளில் இருப்பவர்களிலேயே முக்கால்வாசிப் பேருக்கு இருந்தது. தேய்மானம் என்ற சொல் பயங்கரமாக ஒலிக்கிறது, ஆனால் பெரும்பாலும் அது தலை நரைப்பதைப் போல. கை மரத்துப்போவது, வலுவிழப்பது போன்ற அறிகுறி இருந்தால் ஸ்கேன் தேவைப்படலாம். வெறும் கழுத்துப் பிடிப்புக்கு வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் அவர் அலட்சியம் செய்கிறார் என்று எண்ணாதீர்கள்.

ஒரு வாரம் எழுதி வையுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன், எதையும் மாற்றுவதற்கு முன், ஏழு நாள் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். காலை, மதியம், மாலை என மூன்று வேளை: வலி பத்துக்கு எத்தனை, அதற்கு முந்தைய இரண்டு மணிநேரம் என்ன செய்தீர்கள், முந்தின இரவு எத்தனை மணிநேரம் தூக்கம். அவ்வளவுதான்.

நான் எழுதியபோது ஒன்று பிடிபட்டது. நீளமாகத் தட்டச்சு செய்த நாளில் வலி அதிகம் இல்லை. பெரிய அட்டவணையில் மௌஸோடு போராடிய நாளில்தான் மாலையில் எட்டு, ஒன்பது. காரணம், எண்விசைப் பகுதி உள்ள அகலமான விசைப்பலகை. அதைத் தாண்டி மௌஸ் ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. வலது கை நாள் முழுக்க வெளியே நீண்டபடி இருந்தது. உங்கள் காரணம் வேறாக இருக்கும். ஃபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசுவதாக இருக்கலாம், பக்கவாட்டில் வைத்த இரண்டாவது திரையாக இருக்கலாம்.

மேசையை அரைமணிநேரத்தில் சரிசெய்வது

கீழிருந்து மேலே போங்கள். முதலில் பாதம்: இரண்டும் தரையில் முழுசாகப் படிய வேண்டும். எட்டவில்லை என்றால் ஒரு பலகையோ தடித்த புத்தகங்களோ வைத்துக்கொள்ளலாம். அடுத்து முழங்கை: தோளைத் தொங்கவிட்டு, முழங்கையை மடக்கினால் கை விசைப்பலகைக்கு நேராகப் போக வேண்டும், மடக்கு 90 டிகிரியோ கொஞ்சம் விரிந்தோ இருக்கலாம். நாற்காலியின் கைப்பிடி தோளை மேலே தள்ளுகிறதா என்று பாருங்கள். தள்ளினால் இறக்குங்கள், இறங்கவில்லை என்றால் கழற்றியே விடலாம். மௌஸ் விசைப்பலகையை ஒட்டி, முழங்கை விலாவை விட்டு விலகாத தூரத்தில்.

கடைசியாகத் திரை. கையை நீட்டினால் விரல்நுனி தொடும் தூரம், மேல்விளிம்பு கண்மட்டத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே. இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை: தூரத்தில் பார்க்கவும் கிட்டத்தில் படிக்கவும் ஒரே கண்ணாடி போட்டிருப்பவர்கள் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் பார்க்க முகவாயைத் தூக்குவார்கள். நாள் முழுக்க அண்ணாந்தால் பின்கழுத்து இறுகாமல் என்ன செய்யும்? அவர்கள் திரையை இன்னும் இறக்க வேண்டும், இல்லையென்றால் கணினித் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி கேட்டு வாங்க வேண்டும்.

மடிக்கணினி என்றால், திரையும் விசைப்பலகையும் ஒட்டிப் பிறந்த அந்த வடிவமே பிரச்சினை. திரை சரியான உயரத்தில் இருந்தால் கை மேலே போகும், கை சரியாக இருந்தால் தலை கீழே போகும். அதைப் புத்தக அடுக்கின்மேல் ஏற்றிவிட்டுத் தனி விசைப்பலகையும் மௌஸும் வைத்துக்கொள்வதைத் தவிர வழி இல்லை. இந்தக் கட்டுரையில் பணம் செலவழிக்கச் சொல்லும் மிகச்சில இடங்களில் இது ஒன்று.

நாற்காலியைப் பற்றி ஒரு சொந்தக் கதை. வலி ஆரம்பித்த புதிதில், கையிருப்பைக் கரைத்து ஒரு உயர்ரக நாற்காலி வாங்கினேன். தலைக்கு ஒரு தாங்கி, இடுப்புக்கு ஒரு தாங்கி, எட்டுத் திருகுகள். முதல் வாரம் சொர்க்கம். மூன்றாவது வாரம் வலி முன்பைவிட மோசம். யோசித்துப் பார்த்தால், பழைய நாற்காலி குத்தியதால் அரைமணிக்கொரு முறை எழுந்துவிடுவேன். புதியது சுகமாக இருந்ததால் மூன்று மணிநேரம் நகரவில்லை.

உட்காரும் விதத்தைவிட எழுந்திருப்பது முக்கியம்

நேராக நிமிர்ந்து உட்கார் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தோம். நிமிர்ந்து உட்கார்ந்தாலும் அதே நிலையில் ஒரு மணிநேரம் போனால் தசை அலுத்துப்போகும். சாயுங்கள், முன்னால் வாருங்கள், ஒரு காலை மடக்குங்கள், நில்லுங்கள். கூன் போட்டு உட்கார்ந்தாலும் பத்து நிமிடத்தில் மாற்றினால் பாதகமில்லை.

அரைமணிக்கு ஒருமுறை ஒன்றிரண்டு நிமிடம் எழுந்தால் போதும். அலாரம் வைத்துப் பார்த்தேன். நான்காவது நாளிலிருந்து கை தானாக அணைத்துவிடுகிறது. எனக்கு வேலை செய்தது வேறு: பெரிய பாட்டிலை மேசையிலிருந்து எடுத்துவிட்டுச் சின்னத் தம்ளர் வைத்தேன். அது காலியானால் எழுந்தாக வேண்டும். குடித்தால் அடுத்து இன்னொன்றுக்கும் எழுந்தாக வேண்டும். ஃபோன் வந்தால் நின்றுகொண்டு பேசுவது இரண்டாவது பழக்கம்.

பயிற்சி: மெதுவாக, ஆனால் விடாமல்

இழுத்து நீட்டும் பயிற்சிகள் அந்த நேரத்துக்கு இதம் தரும். நாள்பட்ட வலிக்கு அதிகம் உதவுவது தசைக்கு வலு ஏற்றுவது. இதை நம்ப எனக்கு நாளானது. வலிக்கிற தோளை ஏன் இன்னும் வேலை வாங்க வேண்டும் என்றே தோன்றும்.

2011இல் டென்மார்க்கில், அடிக்கடி கழுத்தும் தோளும் வலிக்கும் 198 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தினம் 2 நிமிடம், இன்னொன்றுக்கு 12 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள், ரப்பர் பட்டையைப் பிடித்துக் கையைப் பக்கவாட்டில் தூக்கும் ஒரே ஒரு பயிற்சி. மூன்றாவது பிரிவுக்கு உடல்நலத் தகவல்கள் மட்டும். பத்து வாரம் கழித்துப் பயிற்சி செய்த இரண்டு பிரிவுக்கும் வலி குறைந்திருந்தது. 12 நிமிடக்காரர்களுக்குச் சற்றுக் கூடுதலாக, ஆனால் ஆறு மடங்கெல்லாம் கிடையாது. நேரமில்லை என்று சொல்ல வழியே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

அந்தப் பயிற்சியைச் செய்யும் விதம்: ரப்பர் பட்டையின் நடுவை மிதித்துக்கொண்டு நின்று, இரண்டு முனைகளையும் பிடியுங்கள். முழங்கை லேசாக மடங்கி இருக்கட்டும். கைகளைப் பக்கவாட்டில், முழுப் பக்கவாட்டாக இல்லாமல் கொஞ்சம் முன்னோக்கி, தோள்மட்டம் வரை தூக்கி மெதுவாக இறக்குங்கள். தோள் காதை நோக்கி ஏறினால் பட்டை உங்களுக்கு அதிகம், மெல்லியதை எடுங்கள். 15 முறை சுலபமாக வந்த பிறகு கனமான பட்டைக்கு மாறுங்கள்.

இரண்டாவது, முகவாயை உள்ளே இழுப்பது. பார்வை நேராக. தலையைக் குனியாமல், அண்ணாந்துவிடாமல், மேசையின் இழுப்பறையை மூடுவதைப்போல் முகத்தை நேர் பின்னால் தள்ளுங்கள். இரட்டைத் தாடை விழும்; பார்க்க நன்றாக இருக்காது, அது சரியாகச் செய்வதற்கு அடையாளம். ஐந்து விநாடி வைத்து விடுங்கள், பத்து முறை. தாடையை இறுக்கிக் கடிக்காதீர்கள். வரைந்து வைத்த படங்களில் இது எளிது, கண்ணாடி முன்னால் செய்யும்போதுதான் தலை எப்படி ஏமாற்றிக் குனிகிறது என்று தெரியும்.

மூன்றாவது, பட்டையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டி இரண்டு கையாலும் விலாவை நோக்கி இழுப்பது. இழுக்கும்போது தோள்பட்டை எலும்புகள் முதுகில் ஒன்றையொன்று நெருங்க வேண்டும். 10 முதல் 12 முறை, இரண்டு சுற்று. கதவு உங்கள் பக்கம் திறக்காதது என்று உறுதிசெய்துகொண்டு செய்யுங்கள். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

இதோடு, நாற்காலி முதுகின் மேல்விளிம்பில் மேல்முதுகைச் சாய்த்துக் கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துப் பின்னால் வளைவதை வேலைக்கு நடுவிலேயே செய்யலாம். சக்கர நாற்காலி என்றால் சுவரோரம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வலிக்கலாம்? பத்துக்கு மூன்று, நான்கு வரை ஏறினால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை என்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்த வேண்டாம். முதல் மூன்று வாரம் ஒரு மாற்றமும் தெரியாமல் இருக்கலாம். ஆறு முதல் பத்து வாரத்துக்குப் பிறகு நோட்டை எடுத்துப் பாருங்கள். அதற்கும் நகரவில்லை என்றால் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரில் செய்து காட்டுங்கள். பெரும்பாலும் செய்முறையில் ஏதோ ஒரு கோணல் இருக்கும். கருவி வைப்பதோடு அனுப்பிவிடாமல், பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஆளாகப் பாருங்கள்.

தலையணை, மருந்து, தைலம்

ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தலையணை காதுக்கும் தோள்முனைக்கும் உள்ள இடைவெளியை நிரப்பும் உயரம் வேண்டும். மல்லாந்து படுப்பவருக்கு அதைவிடத் தாழ்வானது. குப்புறப் படுத்தால் இரவெல்லாம் கழுத்து ஒரு பக்கம் திருகியே இருக்கும். கஷ்டப்பட்டாவது அந்தப் பழக்கத்தை மாற்றலாம்.

வெந்நீர் ஒத்தடம் 15, 20 நிமிடம் நன்றாகவே இதம் தரும். மசாஜும் தைலமும் அப்படியே. சில மணிநேர நிம்மதிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். கழுத்துப் பட்டையைத் தொடர்ந்து அணிந்தால் தசை இன்னும் பலவீனமாகும். வலி மாத்திரையை நாள் கணக்கில் தானாக விழுங்காதீர்கள்: இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. கழுத்தைச் சடக்கென்று திருப்பி நெட்டி முறித்துவிடச் சொல்லி யாரிடமும் தலையைக் கொடுக்காதீர்கள். அரிதாகத்தான், ஆனால் கழுத்தின் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. தானாகத் திரும்பும்போது வரும் சொடக்குச் சத்தம் மூட்டுக்குள் வாயுக் குமிழி உருவாவது. வலி இல்லாதவரை அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

வலி திரும்பி வரும் நாள்

வரும். இரண்டு மாதம் நன்றாக இருந்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலையில் கழுத்து திரும்பாது. எல்லாம் வீணாகிவிட்டது என்று முதலில் தோன்றும். அந்த நாளுக்கென்று முன்கூட்டியே ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அன்றைக்கு யோசிக்கத் தோன்றாது.

என் காகிதத்தில் இருப்பது இது: ஆபத்து அறிகுறிகளை ஒருமுறை சரிபார். ஒத்தடம் கொடு. படுத்தே கிடக்காதே, பத்து நிமிடம் நட. வலிக்காத அளவுக்குக் கழுத்தை இரு பக்கமும் மணிக்கொரு முறை திருப்பு. பயிற்சியில் எண்ணிக்கை பாதி, பட்டை மெல்லியது. பெரும்பாலும் சில நாளில் பிடி விடும், ஒரு வாரத்தில் பழைய பட்டைக்குப் போகலாம்.

நன்றாக இருக்கும் நாளிலும் ஒரு ஆபத்து உண்டு. வலி இல்லையே என்று விட்டுப்போன வேலையெல்லாம் ஒரே நாளில் உட்கார்ந்து முடிப்போம். அடுத்த மூன்று நாள் படுக்கை. என் காகிதத்தின் பின்பக்கத்தில் அதற்கும் ஒரு வரி இருக்கிறது: "இன்றைக்கு வலி இல்லை. தம்ளர் அதே தம்ளர்தான்."